சிக்னல் தனியாக நிற்கும் வரை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீ, அண்ணி, அம்மா, மூன்று பேரும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி நிஜமாகவே குறைந்ததா, இல்லை குறைந்துவிட்டதாக உன்னிடம் மட்டும் சொல்கிறாளா? பதிலில் உண்மையை எழுது.

இங்கே போன் எடுக்காது என்பது உனக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு முறை தண்ணீரும் மளிகையும் கொண்டுவரும் லாரிக்காரர்தான் எனக்குத் தபால்காரர். அதனால் இரண்டு டஜன் உறை வாங்கி, எல்லாவற்றிலும் வீட்டு முகவரியை எழுதி, இன்றைக்கே அடுக்கி வைத்துவிட்டேன். நீ சிரிப்பாய். எதற்கும் முன்கூட்டியே சீட்டு எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த ஆய்வு நிலையத்தின் தகரக்கூரை அறையில், இங்கே திரியும் நானூற்றுப் பன்னிரண்டு காட்டுக் குதிரைகளுக்கும் தலைக்கு ஓர் அட்டை வைத்திருக்கிறேன். எங்கே பிறந்தது, யாரிடம் கடி வாங்கியது, எந்தக் காலில் தழும்பு, எல்லாம் அதில் இருக்கும்.

போன வாரம் மாமியாருக்கு ரேடியோ கழுத்துப் பட்டை மாட்டினோம். அண்ணி பதற வேண்டாம். இது ஒரு காது பாதி கிழிந்த கிழட்டுப் பெண் குதிரை. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் தண்ணீர் குடிப்பது இவள்தான். எல்லோரும் எப்போது கிளம்ப வேண்டும் என்பதையும் இவளே முடிவு செய்வாள், வேறென்ன பெயர் வைப்பது? மயக்க ஊசி பாதி ஏறும்போதே வனத்துறையிலிருந்து வந்த கால்நடை மருத்துவருக்கு ஓர் உதை கொடுத்து இரண்டு விலா எலும்பை முறித்துவிட்டாள். இப்போது அவள் இருபது கிலோமீட்டருக்குள் எங்கே நின்றாலும் என் கருவியில் டிக் டிக் என்று கேட்கும். குதிரை தனியாக இருக்காது, அண்ணா. அவள் இருக்கும் இடம் தெரிந்தால் கூட்டம் இருக்கும் இடம் தெரிந்த மாதிரி. பட்டையின் அலைவரிசை எண்ணைத் துறைக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கொடுத்துவிட்டேன்.

நேற்றுச் சுனையில் ஒரு மான்குட்டி தண்ணீரில் வாய் வைத்தது. ரவுடி என்று நான் பெயர் வைத்திருக்கும் ஆண் குதிரை அதைப் பிடரியில் கவ்வித் தூக்கி எறிந்தான். விழுந்ததை முன்னங்காலால் மிதித்தான். சத்தம் நின்ற பிறகும் மிதித்தான். தாய்மான் எட்ட நின்று பார்த்தது. இந்தப் பருவத்தில் இது பதினேழாவது குட்டி. தண்ணீரைக் குதிரைகள் எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று ஏழு வருட விவரத்தையும் அறிக்கையாக எழுதித் துறைக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். போன மாதம் ஒரு குதிரைக்கு முன்னங்கால் முறிந்துவிட்டது. சாக மூன்று நாள் ஆனது. இரண்டாம் நாளே நரிகள் பின்பக்கமிருந்து தின்ன ஆரம்பித்துவிட்டன, அது தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. நிலையத்தில் துப்பாக்கி இருக்கிறது. எனக்குக் கை வரவில்லை. இன்னொரு முறை இப்படி ஆனால் எங்கே சுட வேண்டும்? பட்டாளத்தில் குறிபார்த்துச் சுடுகிறவனாக இருந்தவன் நம் வீட்டில் நீதானே.

அம்மாவிடம் நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல். பொய்தான், சொல்.

உன் வாலு


ஜனவரி 25

அன்புள்ள வாலுவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் குறையவில்லை, ஆனால் மாடிப்படி ஏறி என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பு இருக்கிறது. உன் மாமியார் கதையைப் படித்த உன் அண்ணி, "எல்லா மாமியாருக்கும் ஒரு பட்டை மாட்டிட்டா நல்லாத்தான் இருக்கும்"னு அம்மா காதில் விழும்படியே சொன்னாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். முதல் தோட்டா நெஞ்சில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால். விழும். விழுந்ததும் இரண்டாவது தோட்டா காதுக்குக் கீழே, ஒரு தீப்பெட்டி அகலம் தள்ளி. முதல் தோட்டாவிலேயே செத்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. பார்த்தால் கை நின்றுவிடும். நின்றால் அது துடிக்கும். கண் முடிவு செய்வதற்கு முன்னால் கை இரண்டாவது தோட்டாவைப் போட்டுவிட வேண்டும். பதினாறு வருடமாக நான் இதை மாற்றியதே இல்லை. தெருவில் வெறிநாய் வந்த அன்றைக்கு நீ ஜன்னலில் நின்று பார்த்தாயே, அதேதான்.

உனக்கு அந்த வேலை வராமலிருக்கட்டும். வந்தால் அழுதுகொண்டே செய், தப்பில்லை.

என் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டது. பார்ப்போம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாம் நலம் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். என் உடம்பு நலம். அங்கே எப்படி? அண்ணிக்கும் அம்மாவுக்கும் பேச்சு திரும்பிவிட்டதா?

அந்த வேலை வந்துவிட்டது. ரவுடியின் கூட்டத்தை ஒரு இளம் குதிரை கைப்பற்றிவிட்டான். புது மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறேன். இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டார்கள். ரவுடியின் கீழ்த்தாடை கழன்று தொங்கியது. அதோடு முடியவில்லை. மறுநாள் காலை புது மாப்பிள்ளை கூட்டத்திலிருந்த மூன்று வாரக் குட்டியைத் துரத்தினான். அது ரவுடியின் குட்டி. இடுப்பைக் கடித்துத் தரையில் அடித்தான். மாமியார் நடுவில் புகுந்து அவன் முகத்தில் உதைத்தாள். அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடி அடித்தான். அது எழுந்திருக்கப் பார்க்கும், அவன் அடிப்பான். நான் அறுபது மீட்டர் தள்ளி உட்கார்ந்து நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம். தலையிடக் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. அந்த விதியை அன்றைக்கு நான் மனதாரத் திட்டினேன்.

தாடை கழன்ற ரவுடியால் குடிக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் விதியை மீறினேன். நெஞ்சில் ஒன்று, காதுக்குக் கீழே ஒன்று. நீ சொன்ன மாதிரியே அழுதுகொண்டு செய்தேன். துடிக்கவில்லை. நன்றி என்று இதற்குப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

துறை அதிகாரி ஒருவர் வந்தார். "உங்க அறிக்கை ரொம்ப உபயோகமா இருக்கு மேடம்"னு கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கு உபயோகம் என்று நான் கேட்கவில்லை. ஜீப்பில் போகும்போதும் கையாட்டிக்கொண்டே போனார்.

அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். மைதானம் எப்படி இருக்கிறது?

வாலு


மார்ச் 20

அன்புள்ள வாலுவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. மைதானத்தை மூடிவிட்டார்கள். கவலைப்படாதே, வேறு வேலை கிடைத்துவிட்டது. வெளியூரில் ஒரு பயிற்சி முகாம். சில மாதம் இருக்க வேண்டும். நீ வழக்கம்போல வீட்டுக்கே எழுது, உன் அண்ணி எனக்கு அனுப்பிவைப்பாள்.

வெயில் ஏறிவிட்டது. சும்மாதான் கேட்கிறேன், இந்த வெயிலில் உன் குதிரைகள் உச்சிப்பொழுதில் எங்கே நிற்கும்? ஓடிக்கொண்டே இருக்குமா?

அம்மா உன்னை மெலிந்துவிட்டாய் என்கிறாள். பார்க்காமலே எப்படித் தெரியும் என்று கேட்டேன், கையெழுத்தே மெலிந்திருக்கிறதாம்.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம், மெலியவில்லை. பேனாதான் மெலிந்த பேனா என்று அம்மாவிடம் சொல். புது வேலை ஒத்துப்போகிறதா? சாப்பாடு எப்படி?

இத்தனை வருடத்தில் நீ என் குதிரைகளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி இது. எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பதினொரு மணிக்கெல்லாம் முள்மர நிழலுக்குப் போய்விடும். மூன்று மணி வரை அசையாது. ஒன்றின் தலை இன்னொன்றின் வால் பக்கம் இருக்கும்படி நெருக்கி நின்றுகொண்டு, ஒருவர் முகத்து ஈயை ஒருவர் வாலால் ஓட்டும். மேட்டிலிருந்து பார்த்தால் இலைகளுக்கு நடுவே முதுகுகள் மட்டும்தான் தெரியும். நிழலுக்குள் வேறு யார் நின்றாலும் தெரியாது. பென்ஷன்காரர் அடியில் நான் மணிக்கணக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறேன், எந்தக் குதிரையும் என்னைக் கண்டுகொண்டதில்லை.

பென்ஷன்காரரைப் பற்றி உனக்குச் சொல்லவில்லையே. நிலையத்தின் சவாரிக் குதிரை. இருபத்திரண்டு வயது, பல் பாதி இல்லை, ஆனால் கடமை தவறமாட்டார். ஜீப்பில் போனால் கூட்டம் ஓடிவிடும். இவர் மேல் போனால் மாமியார் தலையைக்கூட நிமிர்த்தமாட்டாள். இந்த வெயிலில் எனக்கு நகரும் நிழலும் அவர்தான்.

இன்னும் கேள். எவ்வளவு வேண்டுமானாலும் கேள்.

வாலு


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? என் முந்தைய கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. நான் இருக்கிறேன்.

திங்கட்கிழமை உச்சிப்பொழுதில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. மறுநாள் சிக்னலைப் பிடித்துக்கொண்டு தெற்குச் சுனைக்குப் போனேன். முள்மரங்களுக்கு அடியில் முப்பத்தொரு குதிரைகள் செத்துக் கிடந்தன. பாதி, நின்ற இடத்திலேயே ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்திருந்தன. வயிறுகள் ஊதி, கால்கள் விறைத்து நின்றன. ஒரு தாயின் வயிறு வெடித்துக் குட்டியின் குளம்புகள் வெளியே தெரிந்தன. பிறப்பதற்கு இன்னும் பத்து நாள் இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் அட்டையோடு ஒப்பிட்டேன். என் வேலை அதுதானே. புது மாப்பிள்ளை இருந்தான். இரட்டைச் சுழி, சோம்பேறி, நொண்டியின் மகள், எல்லோரும் இருந்தார்கள். இரட்டைச் சுழி ஒன்பது வருடம் முன்பு நான் முதல்முதலாகப் பார்த்த குதிரை, அப்போது நான் மாணவி. அவளுக்கு நெஞ்சில் ஒரு தோட்டா. காதுக்குக் கீழே ஒரு தோட்டா. மற்றவர்களுக்கும் அப்படியே. சிலவற்றில் அளந்து பார்த்தேன். காதிலிருந்து ஒரு தீப்பெட்டி அகலம்.

மாமியார் மட்டும் உயிரோடு இருந்தாள். ஒரு கீறல் இல்லை. செத்தவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சாயங்காலம் கனைத்துக்கொண்டே வடக்கே போனாள், அடுத்த கூட்டத்தைத் தேடி.

முகாமில் பயிற்சி எப்படிப் போகிறது, அண்ணா? தோள் வலி வரவில்லையே?

வாலு


மே 11

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்காலுக்குப் புது மருந்து கொடுத்திருக்கிறார்களாம். உன் அண்ணி மாடியில் கீரை போட்டிருக்கிறாள், நன்றாக வந்திருக்கிறதாம். இங்கே வெயில் அதிகம். சாப்பாடு பரவாயில்லை. தோள் கொஞ்சம் வலிக்கிறது.

உன் மாமியாருக்கு ஒன்றும் ஆகாது. எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. சில நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அம்மாவோடு இரேன்.

அண்ணன்


மே 14

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. உன் தோள் ஏன் வலிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

உன் கடிதங்கள் எனக்கு வந்துசேர ஒன்பது நாள் ஆகும். இது இரண்டே நாளில் வந்தது. தபால்காரர்களுக்குச் சிறகு முளைத்துவிட்டதா? உறையைப் பிரித்ததும் மடிப்பிலிருந்து மேசையில் உப்புப் பொடி கொட்டியது. வெள்ளையாக, கரகரவென்று. இங்கே உப்புவெளியில் நடந்துவிட்டு நான் தினமும் காலணியிலிருந்து தட்டுகிற உப்பு அது. லாரிக்காரரிடம் கேட்டேன். "மலைக்கு அந்தப் பக்கம் துறை ஆளுங்க கூடாரம் போட்டிருக்காங்கம்மா. அதுல ஒருத்தர் உங்க ஜாடை. யாருன்னு முகத்துக்கு நேரா சொல்லணுமா?"ன்னார். வேண்டாம் என்றேன்.

மாமியாருக்கு ஒன்றும் ஆகாதா? ஆகாதுதான். அவள் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிக்கிறாள். அவர்கள் அவளைக் கடித்து, உதைத்து, நாலு நாளில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஐந்தாம் நாள் நீ வருகிறாய். எல்லோரையும் கொன்றுவிட்டு அவளை மட்டும் விடுகிறாய். அவள் அடுத்த கூட்டத்தைத் தேடிக் கொடுக்கிறாள். இதுவரை ஆறு கூட்டம், இருநூற்று மூன்று குதிரைகள். நேற்று ஒரு கூட்டம் அவளைக் கண்டதும் ஓடியது. அவள் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு ஓடினாள். அந்தப் பட்டையை அவள் கழுத்தில் மாட்டியவள் நான். வார் இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு விரல் விட்டுப் பார்த்து மாட்டினேன்.

நிழலில் எங்கே நிற்கும் என்று சும்மாதானே கேட்டாய்?

ஒன்று மட்டும் சொல். என்னிடம் கேட்டுவிட்டுச் சுட உனக்கு எப்படி மனது வந்தது?

இந்த உறையில் வீட்டு முகவரியை அடித்துவிட்டு உன் கூடாரத்தை எழுதியிருக்கிறேன். லாரிக்காரர் கையிலேயே தருவார்.

தங்கை


மே 17

வாலுவுக்கு,

ஆமாம், நான்தான். உன் ஏப்ரல் கடிதத்தில் தீப்பெட்டி அகலம் என்று எழுதியிருந்தாயே, அப்போதே உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். உனக்கு அதை எழுதக் கை வரவில்லை, எனக்கும் வரவில்லை.

மனது எப்படி வந்தது என்று கேட்கிறாய். கூடாரத்தில் நான் படுக்கிற இடத்துக்கு எதிரே ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறது. அடியில் உன் கையெழுத்து. "இந்த நிலம் தாங்கக்கூடியது: 120. இப்போது இருப்பது: 412. மிகுதி: 292." தண்ணீர் பற்றிய அறிக்கை என்றுதானே எனக்கு எழுதினாய்? அந்த வரியை ஏன் எழுதவில்லை? மிகுதி என்று எழுதியபோது அது எங்கே போகும் என்று நினைத்தாய், வாலு? கல்யாணம் பண்ணி அனுப்பிவைப்பார்கள் என்றா?

நான் வராவிட்டால் வேறொருவன் வருவான். அப்படி வந்தவன் எப்படிப்பட்டவன் தெரியுமா? ஹெலிகாப்டரில் என் பக்கத்து இருக்கையில்தான் இருக்கிறான். முதல் நாள் வயிற்றில் சுட்டான். அந்தக் குதிரை தன் குடலைத் தானே மிதித்து அறுத்துக்கொண்டு ஓடியது. ஹெலிகாப்டரை இறக்கச் சொல்லி, நடந்து போய் நான் முடித்தேன். அன்றிலிருந்து அவனைச் சுட விடவில்லை. அத்தனையும் நான்தான். ஒன்றுகூடத் துடிக்கவில்லை. நிழலில் நின்றால் ஓடாது, ஓடாவிட்டால் குறி தப்பாது, அதற்காகத்தான் கேட்டேன். உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

இரவு சாப்பிட உட்கார்ந்தால் தட்டை அப்படியே மூடி வைத்துவிடுகிறேன். இதை உன் அண்ணிக்கு எழுதாதே.

எப்போது முடியும் என்று கேட்பாய். எண்ணிக்கையெல்லாம் மேலே இருப்பவர்கள் பார்ப்பது. எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான். சிக்னல் தனியாக நிற்கும் வரை. தனியாக நின்றால் அதையும் முடித்துவிட்டு வரலாம்.

அண்ணன்


மே 29

அண்ணாவுக்கு,

அந்த வரி என்னுடையதுதான். பன்னிரண்டு நாளாகப் பதில் எழுதாததற்கு அதுதான் காரணம். மிகுதி என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்று செத்த மான்குட்டிகள் மட்டும்தான் என் கண்ணில் இருந்தன. உன்னிடம் சொல்லாதது, சொன்னால் நீ கேட்பாய் என்பதால். இப்போது கேட்டுவிட்டாய்.

ஆனால் இன்று காலை எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. நான் போட்ட கணக்கையும் இரண்டு தாண்டிவிட்டீர்கள். துறைக்கு மூன்று கடிதம் எழுதினேன், நிறுத்தச் சொல்லி. பதில் இல்லை. கையாட்டிக்கொண்டே போனாரே, அவர்கூட எழுதவில்லை.

மிச்சமிருப்பவர்கள் உப்புவெளியின் ஓரத்தில் ஒரே கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். மாமியார் நேற்று அவர்களை எட்டிவிட்டாள். உனக்கு நாலு நாள் இருக்கிறது, எனக்கும். நாளை பென்ஷன்காரர் மேல் போய் அவளுக்கு ஊசி போட்டுப் பட்டையைக் கழற்றப் போகிறேன். என்னைத் தவிர யாரும் அவள் பக்கத்தில் போக முடியாது. கழற்றிய பிறகு அவர்களை உப்புவெளிக்கு அப்பால் விரட்டிவிடுவேன். அங்கே போனவர்களை உங்களால் தேடிப் பிடிக்க முடியாது.

பட்டையை அணைக்க மாட்டேன். என்னோடு வைத்துக்கொண்டு கிழக்குச் சுனையில் உட்கார்ந்திருப்பேன். சிக்னலைப் பிடித்துக்கொண்டு நீ வருவாய். வா. சுடுவதற்கு அங்கே எதுவும் இருக்காது, நான்தான் இருப்பேன். இறங்கி வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போ. இந்தக் கடிதம் முந்தியே உனக்கு வந்துவிடும், அதனால் துப்பாக்கியைக் கூடாரத்தில் வைத்துவிட்டு வா.

லாரிக்காரர் வெளியே ஹாரன் அடிக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு


ஜூன் 7

வாலு,

கண் திறந்ததும் நர்ஸ் இதை உனக்குப் படித்துக் காட்டுவாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலு நாளாக இங்கேதான் இருக்கிறேன், உள்ளே வரவில்லை.

உன் கடிதம் எனக்கு வரவில்லை. இன்று காலை உன் அண்ணி போனில் படித்தாள். வீட்டுக்குப் போயிருக்கிறது. உறையில் வீட்டு முகவரி அப்படியே இருந்ததாம். நீ அதை அடிக்கவில்லை. லாரிக்காரர் முகவரியைப் பார்த்து ஊர்த் தபாலில் சேர்த்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. நேற்று வந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்.

நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியது நான்தான். உச்சிப்பொழுது. சிக்னல் கிழக்குச் சுனையில் நின்றது. வட்டமடித்தோம். முள்மரத்தடியில் ஒரே ஒரு முதுகு தெரிந்தது. சுற்றிலும் வேறு எதுவும் இல்லை. "சிக்னல் தனியா நிக்குது சார், முடிச்சிட்டு வீட்டுக்குப் போலாம்"னு பைலட் சொன்னார். உன் மாமியார்தான் என்று நினைத்தேன். இனி அவள் யாரையும் தேடி அலைய வேண்டாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

முதல் தோட்டா நெஞ்சில். முதுகு சரிந்தது. கிளை விலகியது. தலைக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்ததை என் கண் பார்த்தது, வாலு. பார்த்தது. ஆனால் கை அதற்குள் போட்டுவிட்டது.

உன் தொப்பி உருண்டு வெயிலுக்கு வந்தது. அந்தத் தொப்பியை வாங்கிக் கொடுத்தது நான்.

உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உன் மணிக்கட்டுக்கு மேலே என் பெல்ட்டைக் கட்டினேன். கையைக் காப்பாற்ற முடியவில்லை என்றார்கள். துப்பாக்கியைத் துறையிடம் கொடுத்துவிட்டேன். போலீஸில் எல்லாம் சொல்லிவிட்டேன், விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

அம்மாவும் உன் அண்ணியும் சாயங்காலம் வருகிறார்கள். அவர்கள் முகத்தில் விழிக்க என்னால் முடியாது. போகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, இடது கை. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. அம்மா இப்போது என்ன சொல்வாள், கையெழுத்து குண்டாகிவிட்டது என்றா? அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அண்ணி உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆனால் தினமும் வாசல் விளக்கை அணைக்க மறந்துவிடுகிறார்.

போன வாரம் நிலையத்துக்குத் திரும்பினேன். டாக்டர் வேண்டாம் என்றார். அவருக்குக் குதிரைகளைத் தெரியாது.

பென்ஷன்காரர் விழுந்ததும் நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், காதுக்குக் கீழே. உன் விதி எனக்குத் தெரியும், நானே அதன்படி சுட்டிருக்கிறேன், அந்த நொடியில் மறந்துவிட்டேன். வெயிலுக்குப் பயந்து அவர் நிழலில் உட்கார்ந்ததும் நான். மேலிருந்து முதுகு மட்டும்தான் தெரியும் என்று உனக்கு எழுதிக் கொடுத்ததும் நான். உறை விஷயம் உனக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க உன்னுடையதாக வரும், மறுநாள் முழுக்க என்னுடையதாக வரும். விட்டுவிட்டேன்.

நேற்றுத் தெற்குச் சுனையில் நாற்பத்தாறு மான்கள் குடித்தன. ஒன்பது குட்டிகள். எதுவும் அவற்றை விரட்டவில்லை. என் அறிக்கை சரிதான், அண்ணா. எலும்புகளுக்கு நடுவில் நடந்துதான் அவை தண்ணீருக்கு வருகின்றன.

மாமியாரின் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று பட்டை கழன்றதும் எழுந்து தலையை இரண்டு முறை உதறினாள். அந்த நூற்றுப் பதினெட்டுப் பேரை நான் கத்திக் கத்தி விரட்டியபோது முன்னால் போனது அவள்தான். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. துறையிலிருந்து வந்து புதுப் பட்டை ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினேன், இடது கையால் முதலில் கற்றுக்கொண்ட வேலை அது. அட்டையில் "இருப்பிடம்" என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதினேன். ஏழு வருடத்தில் இப்படி ஒரு அட்டையை நான் மூடியதில்லை. எழுதியதும் நிம்மதியாக இருந்தது.

உன் இருப்பிடமும் தெரியவில்லை. அந்த வார்த்தையை உனக்கு எழுத எனக்கு மனமில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று, வரவில்லை. இன்னும் மன்னிக்கவில்லை. சட்டைக்குப் பொத்தான் போடும் ஒவ்வொரு காலையும் உன்னைத் திட்டுகிறேன். ஆனால் காற்றைத் திட்டி எனக்கு அலுத்துவிட்டது, எதிரே நீ உட்கார்ந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் முதல் வாரம் நான் வீட்டில் இருப்பேன். ஜனவரியில் எழுதி வைத்த உறைகளில் ஒன்றில்தான் இதைப் போடுகிறேன். வீட்டு முகவரி இருக்கிறது. அடிக்கவில்லை. இதை வாங்கிப் படிக்க நீ வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும்.

உன் வாலு